பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தர்

மதினி இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான், காலை நேரத்தில் எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரிந்தது.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. கே.கே. நகரில் மகன் வீட்டில் இருந்தார். நாங்கள் மயிலாப்பூரில். தினமும் காலையில் நாங்கள் காபி குடிக்கிற நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தனக்கு மந்தம் என்பதால் ஊருக்கே மந்தம் என்று நினைத்துப் பேசுவார். ஸ்பீக்கரில் போடாமலே சமையலறையில் இருக்கும் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும்.

“எலேய்” என்று ஆரம்பித்து, என் கணவரின் பேரை முழுசாகச் சொல்லி, “எந்திரிச்சாச்சா? மாத்திரை போட்டியாலே?” என்பார்.

போட்டாயிற்று என்று இவர் சொல்வார். தண்ணீர் நிறையக் குடித்தாயா என்று அடுத்த கேள்வி வரும். தம்பிக்கு அறுபது தாண்டிவிட்டது, அண்ணனோடு சேர்ந்து தி. நகரில் ஜவுளிக்கடை நடத்தியவர், மகளைக் கட்டிக்கொடுத்தவர் என்பதெல்லாம் மதினிக்கு ஒரு பொருட்டே இல்லை. இவரும் அந்தச் சில நிமிஷங்கள் “ஆமாக்கா, சரிக்கா” என்று பள்ளிக்கூடப் பையன் போல உட்கார்ந்திருப்பார். போனை வைத்ததும் “இவளுக்கு வேற வேலையில்ல” என்று அலுத்துக்கொள்வார். ஆனால் போன் வரத் தாமதமானால் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பார்.

மதினி போன பிறகும் காபி குடிக்கும்போது போனை டம்ளருக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியின் மகன் வரச்சொல்லிக் கூப்பிட்டான். அம்மாவின் புடவைகளைப் பிரித்துக் கொடுப்பதாகவும், எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னான். நான் ஒரு சுங்குடிப் புடவையை எடுத்துக்கொண்டேன். இவர் எதையும் எடுக்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் வந்தோம். மாம்பலம் சுரங்கப்பாதையைத் தாண்டுவதற்குள் வண்டி நாலைந்து இடத்தில் நின்றது. மெட்ரோ வேலைக்காக எங்கெங்கோ திருப்பிவிட்டார்கள். இவர் வெளியே தகரத் தடுப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று சொன்னார்.

“இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் கிடையாது.”

“என்ன சொல்றீங்க?”

“யோசிச்சுப் பாரு. கடையில அண்ணாச்சி. அண்ணன் பசங்களுக்குச் சித்தப்பா. பிளாட்டுல அங்கிள். பேங்குல சார். அப்பா, அம்மா, அண்ணன், இப்ப அக்கா. முடிஞ்சு போச்சு.”

“உங்க சிநேகிதங்க?”

“ஊர்ல ஒருத்தன் இருக்கான். போன தடவை போனப்ப அவனும் ‘வாங்க அண்ணாச்சி’ங்கறான்.”

புடவை வைத்திருந்த பையின் காதைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வண்டி மறுபடி நகர ஆரம்பித்தபோது அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“நீ கூப்பிடேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

“கூப்டுமா, இன்னா இப்போ? எங்கூட்டுல என்னை யோவ்னுதான் கூப்புடுது. கோவம் வந்துச்சுன்னா அதுவும் கெடையாது.”

இவரும் சிரித்தார். பேச்சு அத்தோடு நின்றது.

நான் என் அம்மா காலத்துப் பெண் இல்லை. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கணவர் பேர் கேட்டால் தயங்காமல் சொல்வேன். எழுதுவேன். ஆனால் அது அவரைப் பற்றிச் சொல்வது. அவரைப் பார்த்துக் கூப்பிடுவது வேறு. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் நாளிலிருந்து “என்னங்க” தான். அதையே நான் நூறு விதமாகச் சொல்வேன். சமையலறையிலிருந்து நீட்டிச் சொன்னால் சாப்பாடு தயார். வெடுக்கென்று சொன்னால் விருந்தாளி முன்னால் ஏதோ உளறுகிறார் என்று பொருள். மெதுவாகச் சொன்னால் மகளுக்கு உடம்பு சுடுகிறது. ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். எங்கள் சண்டையும் பிரியமும் அந்த ஒரு வார்த்தைக்குள்தான் இருந்தன.

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவருடைய பேர் தமிழ்நாட்டில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும். என் வகுப்பிலும் வருஷம் தவறாமல் ஒரு பையன் அந்தப் பேரோடு வருவான். அவனை மட்டும் இனிஷியலைச் சொல்லித்தான் எழுப்புவேன். பையன்கள் ஏன் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். பேரைச் சொன்னால் கணவனுக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். நான் பலகையில் இதயத்தின் படம் வரைந்து, ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கியவள். பேரைச் சொல்வதால் அது நிற்காது என்று எனக்குத் தெரியும். என் நாக்குக்குத் தெரியவில்லை. அதுவும் போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, நாக்கின் பயம் இன்னும் கூடியிருந்தது.

அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. எதையும் இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை அவர். குழம்பில் உப்பு இல்லை என்றால் ஒரு தடவை சொல்வார். காதில் விழாவிட்டால் அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போவார். இத்தனை வருஷத்தில் என்னிடம் தனக்கென்று அவர் கேட்டவை மிகவும் கொஞ்சம். சரி, ஒரு பேர்தானே, சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன்.

மிக்ஸி ஓடும்போது சொல்லிப் பழகினேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்காது. துணி காயப்போடும்போது முணுமுணுத்துப் பார்த்தேன். ஓரளவு தைரியம் வந்ததும் ஒரு நாள் சமையலறையிலிருந்து கூப்பிட்டேவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, அது வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரல். ஹாலில் பேப்பர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

“யாரு வந்திருக்கா?”

“கூரியர்” என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். “யாரையும் காணோமே.”

“பக்கத்து வீட்டுக்குப் போல.”

“என் பேரைச் சொன்ன மாதிரி இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போய் பேப்பரைப் பொறுக்கினார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

அந்த மாதக் கிருத்திகைக்கு இருவரும் வடபழனி கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல, “முருகா, நீதான்டா இவரைப் பார்த்துக்கணும்” என்றேன். கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்ற இவரிடம், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது” என்றேன். சொன்னதும்தான் உறைத்தது. சாமியை “டா” போட்டுப் பேசுகிற எனக்கு, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிற மனிதரிடம் ஒரு “ங்க” இல்லாமல் பேச முடியவில்லை.

எங்கள் மகள் அடையாறில் இருக்கிறாள். அவள் தன் கணவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பாதி நேரம் அதுவும் இல்லை, “டேய்” தான். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது; பிறகு பழகிவிட்டது. அடுத்த முறை அவள் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் அவளிடம் கேட்டேன்.

“இதெல்லாம் எப்படிடி உனக்கு வருது?”

“எது?”

“பேர் சொல்றது.”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “இதுல கத்துக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? அவனுக்கு ஒரு பேர் இருக்கு, கூப்பிடறேன்.” பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “அப்பாவைக் கூப்பிடப் போறியா? இரு, இரு.” என்னை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கையில் போன். “சொல்லும்மா, ஒரே ஒரு தடவை. நான் வீடியோ எடுக்கணும்.”

மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. காத்துக்கொண்டிருக்கிற முகம். நான் பேரைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வாய் தானாக மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டது.

“சாப்பிட வாங்க.”

மகளும் மாப்பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவரும் சிரித்தபடி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்றார். நான் மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஆட்டோவில் நடந்ததைச் சொன்னேன். அவள் போனை மேடை மேல் கவிழ்த்து வைத்தாள்.

“அத்தை போனதுக்கு நான் அழுதேன்மா. ஆனா அப்பாவுக்கு இப்படி ஒண்ணு போயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல” என்றாள். பிறகு அந்த வீடியோவை அழித்துவிட்டதாக என்னிடம் காட்டினாள்.

முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம், போனில் என்றால் முடியும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் காலையில் அவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கிருந்து அவருக்குப் போன் செய்தேன்.

“என்ன, மாடியில வழுக்கி விழுந்துட்டியா?” என்று பதறினார்.

நான் பேரைச் சொன்னேன். “மாத்திரை போட்டாச்சா?” என்றேன்.

கீழே தெருவில் கீரைக்காரம்மா கூவிப் போகிற குரல் எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது, காற்றிலும் போனிலும்.

“கீழ வா” என்றார்.

இறங்கி வந்தேன். காபி அப்படியே இருந்தது. அவர் கோபமாக இல்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது.

“அக்கா மாதிரி பண்ணாத. அது அவளோட போகட்டும்.”

“நீங்கதானே சொன்னீங்க, கூப்பிட ஆளில்லைன்னு?”

“அக்காவுக்குப் பதிலா ஒரு ஆள் வேணும்னா கேட்டேன்? உன்னைக் கேட்டேன்.” கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். “கடை இருந்த வரைக்கும் மரியாதை வேண்டியிருந்துச்சு. இப்ப நாள் பூரா வீட்டுல நாம ரெண்டு பேர்தான். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு எதுக்கு மரியாதை? எனக்கு ஒரு சிநேகிதம் இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. “சரிங்க” என்றேன். சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். “வேணும்னா நான் உன்னை நீங்கன்னு கூப்பிடறேன், ரெண்டும் சரியாப் போயிரும்” என்றார். “அய்யோ, வேண்டாம், பயமா இருக்கு” என்றேன்.

அதன் பிறகு காபி கொடுக்கும்போது மட்டும் பேர் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். மாத்திரை சாப்பிடுகிற மாதிரி, வேளைக்கு ஒன்று. பேர் மட்டும் வரும். வினைச்சொல் வந்ததும் பழைய “ங்க” வந்து ஒட்டிக்கொள்ளும். “குடிங்க”, “ஆறிடும் பாருங்க.” அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பேர் காதில் விழும்போது கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பார்.

இப்படியே போயிருந்தால் பழகியிருக்கலாம். அதற்குள் என் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது, வடபழனியில் ஒரு மண்டபத்தில். ஊரிலிருந்து என் அண்ணன், அண்ணி எல்லோரும் வந்திருந்தார்கள். பந்திக்கு நாங்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்க, இவர் எங்களைப் பார்க்காமல் வேறு வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாதஸ்வரச் சத்தத்தில் “என்னங்க” எடுபடவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் உடனே திரும்பினார். என் அண்ணனும் திரும்பினார்.

“என்ன, மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுதியே?” அண்ணன் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். “சரிதான், மெட்ராஸ்காரி ஆயிட்ட.”

இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அதற்குள் இவர் வந்துவிட்டார்.

“நான்தான் மச்சான் சொன்னேன், அப்படிக் கூப்பிடுன்னு.”

“ஓகோ, நீங்க சொல்லியா?” அண்ணன் சமாதானமாகிவிட்டார். “புருஷன் சொன்னா செய்ய வேண்டியதுதான்.”

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் இலையில் விழுந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டே நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னது சரிதானே? உட்கார் என்றால் உட்காருகிறவள், பேர் சொல் என்றால் பேர் சொல்கிறேன். வேளைக்கு ஒன்று என்று நான் கொடுத்துக்கொண்டிருந்தது அவர் கேட்ட சிநேகிதமா, இன்னொரு பணிவிடையா? எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காபி கொடுக்கும்போது பேர் சொல்லவில்லை. “என்னங்க, காபி” என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. சில வாரங்கள் அப்படிப் போயின. அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், செய்தித்தாளை மடித்துக்கொண்டே, “உனக்கு வரலைன்னா விட்டுடு. நான் ஏதோ அன்னிக்கு இருந்த மனசுல கேட்டுட்டேன்” என்றார். அந்தப் பேச்சு அண்ணன் சொன்னதை விட அதிகமாக வலித்தது. எனக்கு வரவில்லை என்பது இல்லை, எனக்குத் தானாக வர வேண்டும் என்று காத்திருக்கிறேன் என்று அவரிடம் எப்படி விளக்குவது?

மழைக்காலத்துக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பழைய வெண்கலப் பானை ஒன்றை மகள் கேட்டிருந்தாள். பரணில் ஏறுவது எப்போதும் அவர்தான். ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். “நான் ஏறறேன்” என்று சொன்னேன். ஸ்டூல் மேல் ஏறி, ஒரு கையால் பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிப் பானையை இழுத்தேன். நினைத்ததை விடக் கனம். ஸ்டூல் லேசாக ஆடியது. கீழே அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, “இடது பக்கம் இழு, பெட்டி தடுக்குது பாரு, மெதுவா, மெதுவா” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“நீ பேசாம ஸ்டூலைக் கெட்டியாப் பிடி” என்றேன்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஸ்டூல் ஆடுவதும் நின்றது. பானை கையோடு வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. பானையை அணைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்தபடி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்தா, வாங்கு” என்று பானையை நீட்டினேன். இந்த முறை தெரிந்தேதான் சொன்னேன். அவர் வாங்கித் தரையில் வைத்துவிட்டு, நான் இறங்கக் கையை நீட்டினார். தலையில் ஒட்டடை இருக்கிறது என்றார். நான் போய் முகம் கழுவினேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எரிச்சல் வரும்போது “நீ” சுலபமாக வருகிறது. சிரிக்கும்போதும் வருகிறது. பிரியமாகப் பேச நினைத்தால் மட்டும் இன்னும் “என்னங்க” தான் முந்திக்கொள்கிறது. அதை விடச் சொல்லி அவரும் கேட்பதில்லை. எனக்கும் அதை விட மனமில்லை. பேர் சொல்வது இப்போது வேளை பார்த்து வருவதில்லை. வரும்போது வருகிறது. ஊர்க்காரர்கள் முன்னால் இன்னும் வருவதில்லை. மற்றவர்களிடம் பேசும்போது என்றைக்கும் அவர்தான்.

இன்று காலை லஸ் பக்கம் நடக்கப் புறப்பட்டபோது கண்ணாடியைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“உன் சட்டைப் பையில பாரு” என்றேன்.

தடவிப் பார்த்தார். “இல்லையே.”

“அப்ப எனக்குத் தெரியாதுங்க.”

அவர் அலமாரிப் பக்கமிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார். “ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றியே” என்று சிரித்துவிட்டு, மறுபடி தேடப் போனார்.